வெள்ளிக்கிழமை யார்?

வியாசர்பாடி
27.02.2022

அன்புள்ள மலர்,

இங்கே எல்லாரும் நலம். நீயும் அண்ணனும் பிள்ளைகளும் நலம்தானே? பொங்கலுக்கு நீ அனுப்பிய வாழ்த்துக்குக்கூட நான் பதில் போடவில்லை. அம்மாவுக்கு முட்டி வலி அதிகமாகி ஒரு மாதம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தேன். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். திட்டுவதாக இருந்தால் நேரில் வந்து திட்டு, சாப்பாடு போட்டுக் கேட்டுக்கொள்கிறேன். இன்றைக்கு உட்கார்ந்து எழுதுவது வேறு விஷயத்துக்காக. போனில் சொன்னால் நடுவிலேயே "சரி சரி, அப்புறம்?" என்பாய். இதை முழுசாகச் சொன்னால்தான் எனக்கு ஆறும்.

வருகிற புதன்கிழமை சென்னை மாநகராட்சியின் 200 கவுன்சிலர்களும் பதவி ஏற்கிறார்கள். வெள்ளிக்கிழமை, மார்ச் 4, ரிப்பன் மாளிகையில் மேயர் தேர்தல். ஊரே மேயர் யார் என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. தெருவில் இரண்டு பேர் நின்று பேசினால் அது மேயர் பேச்சாகத்தான் இருக்கிறது.

பொங்கல் முடிந்த கையோடு அரசாணை வந்ததே, அன்றைக்கே உனக்கு எழுதியிருக்க வேண்டும். மொத்தம் 21 மாநகராட்சி, அதில் 11 பெண்களுக்கு. உங்கள் மதுரையும் பெண்களுக்குத்தான். ஆனால் சென்னையும் தாம்பரமும் பட்டியலினப் பெண்களுக்கு என்று படித்தபோது பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். 1688ல் தொடங்கிய மாநகராட்சி, மலர். 333 வருடத்தில் பெண் மேயர் என்றால் இரண்டே பேர்: 1957ல் தாரா செரியன், 1971ல் காமாட்சி ஜெயராமன். நம் ஆட்களில் ஆண்கள் இருந்திருக்கிறார்கள். சிவசண்முகம் பிள்ளை 1937லேயே மேயர். சிவராஜ் 1945ல். சிவராஜ் பெயரைச் சொல்லும்போது தாத்தா தோளில் இருக்கிற துண்டைச் சரிசெய்துகொள்வார், ஞாபகம் இருக்கிறதா? பெண் மட்டும் ஒருத்திகூட இல்லை. இப்போது வரப்போகிறாள்.

ஆனால் பெயர் தெரியவில்லை! தி.மு.க. மட்டும் 153 இடம். அதனால் ஜெயிப்பது யார் என்ற கேள்வியே இல்லை, அறிவாலயத்திலிருந்து எந்தப் பெயர் வரும் என்பதுதான் கேள்வி. அந்தக் கட்சியில் ஜெயித்த பட்டியலினப் பெண்கள் ஒருவர் விடாமல் எல்லார் பெயரும் ஒவ்வொரு வாயில் இருக்கிறது. மாவட்டச் செயலாளர்கள் ஆளுக்கொரு பெயரைத் தலைமையிடம் கொடுத்திருப்பதாகச் சொல்கிறார்கள். நம் டீக்கடையில் காலையில் ஒருவர் வந்து "மாவட்டமே சொல்லிட்டாரு, முடிஞ்சது" என்று ஒரு பெயர் சொல்வார். சாயங்காலம் இன்னொருவர் வந்து அதே சத்தியத்தோடு வேறு பெயர் சொல்வார்.

பூக்கார அக்கா தென்சென்னைதான் என்று அடித்துச் சொல்கிறாள். "நல்லது எதுனா கூவத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்திருக்கா?" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. எதிர்வீட்டு மாமா அனுபவசாலியைத்தான் போடுவார்கள் என்கிறார். மன்றத்தில் உட்கார்ந்து பழக்கம் இருக்க வேண்டுமாம், முதல் முறை கவுன்சிலரை அதிகாரிகள் ஏமாற்றிவிடுவார்களாம். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கடைசி மன்றம் கலைந்தது 2016ல். அந்த அனுபவம் ஐந்து வருடத்துக்கு மேல் பழசாகிவிட்டதே? என் ஆபீஸ் தம்பி, அதுதான் எப்போதும் போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவானே, அவன் திரு.வி.க. நகர்ப் பக்கம் 74ஆவது வார்டில் ஜெயித்த பிரியா என்கிறான். 28 வயதுதான், எம்.காம். படித்தவர், பெரம்பூர் எம்.எல்.ஏ.வாக இருந்த செங்கை சிவத்துக்கு உறவு என்றும் சொன்னான். "28 வயசா!" என்றேன். "அக்கா, மார்க்சிஸ்ட் கட்சியில 21 வயசுப் பொண்ணே ஜெயிச்சிருக்கு" என்றான். அதன் பிறகு நான் வயதைப் பற்றிப் பேசவில்லை. அந்த வயதில் நீயும் நானும் எத்தனை பேருக்குப் பயந்து நடந்தோம் என்று நினைத்துப் பார்த்தேன்.

இப்படி ஊகித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதே எனக்கு வருத்தம்தான். 1996ல் நாம் இரண்டு பேரும் ஒரே பூத்தில் வரிசையில் நின்றோமே. கவுன்சிலருக்கு ஒரு சீட்டு, மேயருக்கு ஒரு சீட்டு. நாம் பிறந்து வளர்ந்த ஊரின் மேயருக்கு நம் கையாலேயே குத்தினோம். 1973ல் மன்றத்தைக் கலைத்த பிறகு 23 வருடம் இந்த ஊருக்கு மேயரே இல்லாமல் இருந்ததால்தான் அந்த இரண்டாவது சீட்டு நமக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது. அன்று அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட ஸ்டாலின்தான் இன்று முதலமைச்சர். 2001லும் நேரடித் தேர்தல். 2006ல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பார்கள் என்றார்கள். 2011ல் மறுபடி நேரடி, சைதை துரைசாமி வந்தார். இப்போது மறுபடி மறைமுகத் தேர்தல். ஆட்சிக்கு ஆட்சி சட்டத்தை மாற்றினால் ஜனங்களுக்கு எப்படி இது நம் தேர்தல் என்று தோன்றும்? சென்னையில் ஓட்டுப் போட்டவர்கள் 43 சதவீதம் சொச்சம்தான். தமிழ்நாடு முழுக்க 60ஐத் தாண்டியிருக்கிறது, நம் ஊரில் பாதிப் பேர்கூட வரவில்லை. 19ஆம் தேதி நான் போனபோது பூத்தில் எனக்கு முன்னால் நாலே பேர். எனக்கு அழுகை வந்துவிட்டது, மலர். ஐந்து வருடத்துக்கு மேலாகக் கவுன்சிலர் என்று ஒரு ஆள் இல்லை. தெருவிளக்கு எரியவில்லை என்று ஒரு அலுவலகத்துக்கு ஐந்து தடவை நடந்தவள் நான். கேட்பதற்கு ஒரு ஆளைத் தேர்ந்தெடுக்கும் நாளில் இத்தனை பேர் வீட்டில் படுத்திருந்தார்கள்!

சரி, என் கணிப்பைக் கேட்டால் வடசென்னை. வந்தே ஆக வேண்டும் என்கிறேன். நவம்பர் மழை உனக்குத் தெரியும், அன்றைக்கு இரண்டு தடவை போன் பண்ணினாய். ஒரே ராத்திரியில் 20 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கணேசபுரம் சுரங்கப்பாலம் குளமாகிவிட்டது. புளியந்தோப்பு, பட்டாளம் எல்லாம் தண்ணீர். நம் வீட்டில் கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்து அம்மாவை மேலே உட்கார வைத்தேன். அந்தத் தண்ணீர் வெறும் மழைத் தண்ணீர் இல்லை, என்ன நிறம் என்ன வாசனை என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். ஊர்க் குப்பையில் பாதி கொடுங்கையூருக்குத்தான் வருகிறது. ஓட்டேரி நல்லா கால்வாய் எதனால் பொங்குகிறது என்று படம் போட்டு விளக்கினால் புரிந்துகொள்கிற மேயர் எனக்கு வேண்டாம். அதில் கால் நனைத்தவள் வேண்டும். கோப்பு மேசைக்கு வரும்போது அவளுக்கு அந்த வாசனை ஞாபகம் வர வேண்டும்.

மேயருக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்று நீ கேட்பாய். உண்மைதான். நிர்வாகம் முழுக்க ஐ.ஏ.எஸ். ஆணையர் கையில். மேயர் மன்றத்தை நடத்துவார், தீர்மானம் கொண்டுவரலாம், கேள்வி கேட்க வைக்கலாம். ஆனால் கேட்கத் தெரிந்தவள் உட்கார்ந்தால் அதுவே பெரிய அதிகாரம் என்று நினைக்கிறேன். நம் கணக்கு டீச்சருக்கும் என்ன அதிகாரம் இருந்தது? ஹெட்மாஸ்டர் ரூம் வாசலில் நின்று கேட்டுக்கேட்டே நம் பள்ளிக்குக் கழிப்பறை கட்ட வைத்தார் இல்லையா?

என் பயம் வேறு. அரசாணை வந்த மறுநாள் ஆபீசில் ஒரு அம்மாள் என் காதுபடச் சொன்னாள், "இந்தத் தடவை மேயர் பேசத் தெரியாத ஆளாத்தான் இருக்கும், எழுதிக் கொடுத்ததைப் படிக்கும்" என்று. யார் வரப்போகிறார்கள் என்றே தெரியாத நாளில் அப்படிச் சொன்னாள். இதற்கு முன் வந்த மேயர்கள் யாரைப் பற்றியும் அவள் அப்படிக் கேட்டிருப்பாளா? நான் டிபன் பாக்ஸை மூடிவிட்டு, "வந்த பிறகு பார்த்துப் பேசுங்க மேடம்" என்றேன். கை நடுங்கியது. நாம் கேட்காத பேச்சில்லை, மலர், ஆனாலும் பழகவில்லை. அப்பா கட்சிக்காரர், மாமா கட்சிக்காரர் என்று ஜெயித்த இந்தப் பெண்களைப் பற்றிச் சொல்லும்போதும் எனக்குச் சுருக்கென்கிறது. வீட்டில் கட்சி இல்லாமல் நம் பக்கத்துப் பெண் சீட்டு வாங்க முடியுமா? வந்த பிறகு அப்பாவோ புருஷனோ பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கோப்பைப் புரட்டாமல் இருந்தால் போதும். அதுதான் ராத்திரி என் தூக்கத்தைக் கெடுக்கிறது. மேடையில் அமைச்சர்கள் நடுவில் அவளை ஒரு ஓரத்தில் நிற்க வைத்துவிடக் கூடாதே என்று யார் என்றே தெரியாத ஒரு பெண்ணுக்காக நான் கவலைப்படுகிறேன்.

நேற்று இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சிவப்பு அங்கி, கழுத்தில் தங்கச் சங்கிலி என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டே இருந்தவர்கள், "நம்ம பொண்ணை அங்க என்னன்னு கூப்பிடுவாங்க?" என்று கேட்டார்கள். "வணக்கத்துக்குரிய மேயர்" என்றேன். காது கேட்காதது போல "என்ன?" என்றார்கள். திரும்பச் சொன்னேன். அப்புறம் ஒன்றும் பேசாமல் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். தூங்கவில்லை என்று தெரிந்தது, நானும் எழுப்பவில்லை.

வெள்ளிக்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டேன். ரிப்பன் மாளிகைக்கு உள்ளே விடமாட்டார்கள், வெளியே சென்ட்ரல் பக்கத்து நடைபாதையிலாவது நிற்பேன். அம்மா டி.வி.யில் பார்க்கட்டும். நீ அன்றைக்கு மதுரை மேயரைப் பார்த்துக்கொண்டு என்னை மறந்துவிடாதே.

இதை நாளைக்கு ஸ்பீட் போஸ்ட்டில் போடுகிறேன். கையில் கிடைத்ததும் உன் கணிப்பைப் போனில் சொல்லிவிடு. வியாழக்கிழமை தாண்டினால் பந்தயத்தில் சேர்க்கமாட்டேன். 1996ல் நீ தோற்ற அரைக்கிலோ மைசூர்பாகே இன்னும் பாக்கி, அதனால் இந்தத் தடவை ஒரு கிலோ. நான் வடக்கு என்று காலண்டரில் எழுதி வைத்துவிட்டேன், அம்மா சாட்சி.

அண்ணனுக்கு என் வணக்கம். சின்னவளுக்கு முத்தம்.

உன்,
செல்வி