41 பேர்ல 3 பேர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை வெளிநாட்டுத் தமிழர் பக்கத்துல, அமெரிக்காவுல வீடு வாங்குறவங்க மொதல்ல ஸ்கூல் ரேட்டிங்க, அதாவது வெப்சைட்டுங்க ஒவ்வொரு ஸ்கூலுக்கும் 10க்கு இத்தனைனு போடற மார்க்கப் பாருங்கனு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. படிச்சேன். பாதி சரிதான், மீதிப் பாதிக்குத்தான் இந்த லெட்டர். 10க்கு 8 வந்தா கண்ண மூடிட்டு வாங்கலாம், 4 வந்தா அந்த ஏரியா பக்கமே போகாதீங்கனு எழுதியிருக்காரு, கூடவே சின்ன ஸ்கூலா இருந்தா இன்னும் விசேஷம்னு ஒரு வரி. அந்த வரியத்தான் என்னால சும்மா விட முடியல.

என் பொண்ணு படிச்சது ஒரு சின்ன பப்ளிக் ஹைஸ்கூல். ஒன்பதாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் மொத்தமே நூத்தி அறுபது பேரு தேறுவாங்க. நான் அங்க ரெண்டு வருஷம் பேரண்ட்ஸ் கமிட்டில இருந்தேன், அதனால அந்த நம்பர்லாம் எங்கிருந்து வருதுனு கொஞ்சம் கிட்ட இருந்தே பாத்தவன். ஒரு வருஷம் 36 பேரும் முடிச்சாங்க, கிராஜுவேஷன் ரேட், அதாவது ஒன்பதாவதுல சேந்து நாலு வருஷத்துல ஹைஸ்கூல் முடிக்கறவங்க கணக்கு, 100 சதவீதம், ஒரே கொண்டாட்டம். அடுத்த வருஷம் 41 பேர்ல 38 பேரு, 92.7ஆ போச்சு. நம்ம ஆளுங்க வாட்ஸ்அப் குரூப்ல அன்னிக்கு ராத்திரியே ஆரம்பிச்சிட்டாங்க, ஸ்கூல் இறங்கிடுச்சு, புதுசா வந்த பிள்ளைங்களாலதான், வீட்டு விலை என்னாகும், இப்படியே போச்சு. ஏழு சதவீதம்னு சொன்னா பெருசாத்தான் தெரியுது, ஆனா ஆளு மூணே பேருதான்.

அந்த மூணு பேரும் யாருனு சொல்ல மாட்டேன், கதைய மட்டும் சொல்றேன். ஒருத்தன் ஸ்பெஷல் எஜுகேஷன் பையன், அதாவது குறைபாடு இருக்கறதால தனி உதவியோட படிக்கறவன். அவனுக்கு 21 வயசு வரைக்கும் படிக்க சட்டத்துலயே இடம் இருக்கு, அவன் டெய்லி ஸ்கூலுக்கு வந்துட்டுதான் இருந்தான், ஆனா நாலு வருஷத்துல முடிக்கலைங்கறதால கணக்குல அவன் ஃபெயில் மாதிரி. இன்னொரு பொண்ணு வேலைக்குப் போயிட்டு ஜிஇடி, அதாவது ஹைஸ்கூல் முடிக்காதவங்க அதுக்கு பதிலா எழுதற பரீட்சை, எழுதி பாஸ் பண்ணிடுச்சு, அதுவும் இந்தக் கணக்குல சேராது. மூணாவது பையன் குடும்பத்தோட வெளிநாட்டுக்கே போயிட்டான், அங்க படிச்சிட்டும் இருக்கான், ஆனா போனதுக்கு எழுத்துல ஆதாரம் கைக்கு வந்தாத்தான் லிஸ்ட்ல இருந்து எடுக்க முடியும், 2008ல வந்த ரூல் அது. ஆபீஸ்ல ரெக்கார்ட்ஸ் பாக்கற அம்மா கம்ப்யூட்டர் ஸ்க்ரீன் ஓரத்துல அந்தக் குடும்பத்தோட வெளிநாட்டு நம்பர மஞ்சள் சீட்டுல ஒட்டி வச்சிட்டு மாசக்கணக்கா கூப்பிட்டுப் பாத்தாங்க, அங்க நடுராத்திரி இங்க காலைல, ஒருத்தரும் எடுக்கல. பெரிய ஸ்கூல்ல 600 பேர்ல இப்படி மூணு போனா அரை சதவீதம், யாரும் திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க.

டெஸ்ட்டும் இதே கததான். பிள்ளைங்கள்ல 95 சதவீதமாவது மாநிலம் வைக்கற பரீட்சைய எழுதணும்னு ஃபெடரல் சட்டம், அதாவது அமெரிக்க மத்திய அரசு சட்டம் சொல்லுது. எண்ணிக்கை கம்மியா இருந்தா இதுக்கு சலுகை உண்டு, சரி, ஆனா கணக்கு எப்படி வேலை செய்யுதுனு மட்டும் பாருங்க, 18 பேரு இருக்கற இடத்துல ஒருத்தனுக்கு காய்ச்சல் வந்தா 94.4. முடிஞ்சுது. இருபது பேருக்குக் கீழ இருந்தா ஒரே ஒரு லீவுலயே அந்த 95க்குக் கீழ போயிடும்.

அடுத்தது அந்த டெமோகிராஃபிக்ஸ் டேபிள், எந்த இனத்துப் பிள்ளைங்க எத்தன பேரு, அவங்க மார்க் என்னனு பிரிச்சுக் காட்டற பட்டியல். எல்லாரும் மொதல்ல அதத்தான் திறக்கறாங்க, வெளில ஒத்துக்க மாட்டாங்க. சின்ன ஸ்கூல்ல அதுல பாதி கட்டத்துல நட்சத்திரக் குறிதான் இருக்கும். அஞ்சாறு பேரு மட்டும் இருக்கற பிரிவோட மார்க்க வெளியிட்டா எந்தப் பிள்ளையோடதுனு ஊருக்கே தெரிஞ்சிடும்ல, அதான் மறைக்கறாங்க. எத்தன பேருக்குக் கீழ மறைக்கணும்ங்கறது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆனா நம்ம ஆளுங்க நட்சத்திரத்தப் பாத்துட்டு ஏதோ ஒளிக்கறாங்கனு சந்தேகப்படறாங்க. அப்பறம் ஏசியன்னு ஒரே பெட்டி, சாஃப்ட்வேர் வேலைக்கு வந்த அப்பாவோட பிள்ளையும் அகதியா வந்து ரெண்டு வருஷம் பள்ளிக்கூடமே பாக்காத பிள்ளையும் அதே பெட்டிலதான், ரெண்டையும் கூட்டி சராசரி போட்டா வர்ற நம்பர் யாரப் பத்தினது?

ஏழைப் பிள்ளைங்க எத்தன சதவீதம்ங்கறத பெரும்பாலும் இலவச மதியச் சாப்பாட்டு லிஸ்ட்ட வச்சுத்தான் சொல்லிட்டு வந்தாங்க. வருமானம் ஃபெடரல் வறுமைக் கோட்டுல 130 சதவீதத்துக்குள்ள இருந்தா இலவசம், 185 வரைக்கும் குறைஞ்ச விலை. 2010ல வந்த சட்டத்துக்கு அப்பறம், அரசு உதவி வாங்கற குடும்பத்துப் பிள்ளைங்க 40 சதவீதம் இருக்கற ஸ்கூல் எல்லாருக்குமே இலவசமா போடலாம்னு ஆச்சு, 2023ல அத 25ஆ குறைச்சாங்க. நல்ல காரியம். ஆனா அந்த மாதிரி ஸ்கூல்ல வருமான ஃபார்ம் வாங்கறதே நின்னு போச்சு, சில இடத்துல எல்லாரையும் ஏழைனு கணக்கெடுத்து 100 சதவீதம்னு காட்டுது. நேத்து 45 இருந்தது இன்னிக்கு 100 ஆச்சுனா ஒரே ராத்திரில ஊரே ஏழையாயிடுச்சா என்ன.

இங்க ஒரு விஷயம் ஒத்துக்கணும். ஸ்கூல்ல சேக்கும்போது வீட்டுல பேசற மொழி என்னனு ஒரு ஃபார்ம் குடுப்பாங்க. தமிழ்னு எழுதினா பிள்ளைக்கு இங்கிலீஷ் டெஸ்ட் வைப்பாங்க, தேறலைனா இங்கிலீஷ் கத்துக்கற பிரிவுல போடுவாங்க. அத அவமானம்னு நெனச்சு வீட்டுல இங்கிலீஷ்தான்னு பொய் எழுதற தமிழ்க் குடும்பம் எத்தனையோ, நானும் அதுல ஒருத்தன்தான், பொண்ணு பக்கத்துல நின்னு பாத்துட்டு ஏம்ப்பானு கேட்டா, பதில் சொல்ல முடியல. அந்தப் பிரிவோட மார்க் எப்பவும் கம்மியாத்தான் தெரியும், ஏன்னா நல்லா தேறினவன வெளிய எடுத்துட்டு புதுசா வர்றவன உள்ள சேக்கறாங்க. இத சரிக்கட்டத்தான் வெளிய போனவங்க மார்க்கையும் நாலு வருஷம் வரைக்கும் அதே பிரிவுல சேத்துக்கலாம்னு 2015ல வந்த ஃபெடரல் கல்விச் சட்டத்துல எழுதி வச்சாங்க. ரேட்டிங் பாக்கறவங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியப் போகுது.

சின்ன ஸ்கூல்தான் விசேஷம்ங்கற நம்பிக்கைக்கு வருவோம். பில் கேட்ஸோட அறக்கட்டளை கேட்ஸ் ஃபவுண்டேஷன் 2000க்கு அப்பறம் பெரிய ஹைஸ்கூலையெல்லாம் சின்னதா பிரிக்கறதுக்கு கோடிக்கணக்குல டாலர கொட்டுச்சு, அப்பறம் 2009ல பில் கேட்ஸே எழுதினாரு, நாங்க காசு போட்டதுல நிறைய ஸ்கூல்ல எதிர்பார்த்த முன்னேற்றம் வரலைனு. ஹோவர்ட் வெய்னர்னு ஒரு புள்ளியியல்காரர் பென்சில்வேனியா மார்க்கெல்லாம் எடுத்துப் பாத்து ஒண்ணு காட்டினாரு, டாப்லயும் சின்ன ஸ்கூல்தான் அதிகம், அடிமட்டத்துலயும் சின்ன ஸ்கூல்தான் அதிகம். எல்லாரும் மேல மட்டும் பாத்துட்டு சின்னதுதான் பெஸ்ட்னு முடிவு கட்டிட்டாங்க. ஆளு கம்மியா இருந்தா சராசரி ஆடிட்டேதான் இருக்கும், நாலு கெட்டிக்காரப் பிள்ளைங்க ஒரே வருஷத்துல வந்தா மேல, அடுத்த வருஷம் வரலைனா கீழ. வாத்தியார் அதே வாத்தியார்தான்.

ஸ்கூலுக்கு வக்காலத்து வாங்கறேன்னு நெனைக்காதீங்க. எங்க ஸ்கூல்ல குறையே இல்லைனு சொல்லல, ஃபிசிக்ஸ் ஏபி, அதாவது ஹைஸ்கூல்லயே படிக்கற காலேஜ் லெவல் பாடம், ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம்தான், அஞ்சு பேருக்காக வாத்தியார் போட முடியாதுனு சொல்லிட்டாங்க, என் பொண்ணு அத ஆன்லைன்ல படிச்சு அழுதது எனக்குத்தான் தெரியும். வீடு வாங்கறவங்க கேக்க வேண்டியது இந்த மாதிரி கேள்விதான், என்னென்ன பாடம் வருஷாவருஷம் நடக்குது, உள்ள வரும்போது இருந்த மார்க்குக்கு பிள்ளை எவ்வளவு ஏறுது, கடைசி அஞ்சு வருஷத்தையும் சேத்துக் கூட்டினா என்ன வருது. ரேட்டிங் நம்பர் இதுல எதையும் முழுசா சொல்றதில்ல.

உங்க கிட்ட ஒரு வேண்டுகோள் சார். அடுத்த தடவை இந்த மாதிரி பட்டியல் போட்டா ஒவ்வொரு சதவீதத்துக்கும் பக்கத்துல எத்தன பேர்ல எத்தன பேருனு சின்ன எழுத்துலயாவது போடுங்க. அப்பறம் அந்த மூணாவது பையனோட வெளிநாட்டு ஸ்கூல்ல இருந்து லெட்டர் வந்துச்சு, ரிப்போர்ட் வெளியாகி ரெண்டு வாரம் கழிச்சு. ரேட்டிங் சைட்ல இன்னும் 92.7தான் இருக்கு.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் பேரண்ட்ஸ் கமிட்டிக்காரர்