கிருஷ்ணகிரி நகரின் பழைய கட்டடங்களைக் கணக்கெடுத்துப் பதிவு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
பழையபேட்டை குடியிருப்போர்,
கிருஷ்ணகிரி.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கிருஷ்ணகிரி.

பொருள்: நகருக்குள் உள்ள பழைய வீடுகள், அரசுக் கட்டடங்களைப் பட்டியலிடுவதும், இடிக்கும் முன் படமும் அளவும் எடுத்து வைப்பதும் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

வணக்கம். மலைமேல் இருக்கும் கோட்டைக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. அது மத்திய தொல்லியல் துறையின் பட்டியலில் உள்ளது. அதன் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக்கூடாது, அதற்கு அடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். அந்த மலையடியில் வளர்ந்த ஊருக்கு அப்படி எதுவும் இல்லை. பேட்டையில் எந்தத் தெருவில் எந்தக் காலத்துக் கட்டடம் நிற்கிறது என்று சொல்ல எங்களுக்குத் தெரிந்து எந்த அலுவலகத்திலும் ஒரு தாள் கிடையாது. அந்தத் தாளைக் கேட்டுத்தான் இந்த மனு.

இது சாதாரண ஊர் இல்லை என்பது தங்களுக்குத் தெரியும். 1768-ல் ஆங்கிலேயரிடம் சரணடைந்து, பிறகு மீண்டும் மைசூர் வசம் போன கோட்டை இது. 1791 நவம்பரில் ஆங்கிலேயத் தளபதி மேக்ஸ்வெல்லின் படை கீழ்க்கோட்டையை ஏணி வைத்து ஏறிப் பிடித்தும், மேல்கோட்டை வசப்படாமல் திரும்பியது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில், நம் ஊர் அடங்கிய பாரமகால் பகுதி முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போனது. கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும், அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் குடியானவரிடம் நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறையை முதலில் செய்து பார்த்தது இந்தப் பாரமகாலில்தான். பிற்பாடு சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்கு அது பரவியது. சண்டையைப் பற்றிப் படிக்கப் புத்தகம் இருக்கிறது. சண்டை ஓய்ந்த பிறகு வந்து கடை வைத்தவர்கள், கணக்கு எழுதியவர்கள், பாய் நெய்தவர்கள், வண்டி ஓட்டியவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்குப் பேட்டையின் தெருக்களும் வீடுகளும்தான் சாட்சி.

அந்த வீடுகள் ஒவ்வொன்றாகப் போகின்றன. திண்ணையை முதலில் எடுப்பார்கள், வண்டி நிறுத்த இடம் வேண்டுமே. அடுத்து நாட்டு ஓடு போய்த் தகரம் வரும். அப்புறம் பாகப்பிரிவினை. நடுமுற்றத்தின் குறுக்கே சுவர் எழும்பிவிட்டால் மழைநீர் போக வழியில்லாமல் சுண்ணாம்புச் சுவர் ஓதம் பிடிக்கும். பத்துப் பதினைந்து வருடத்தில் “பழுதடைந்த கட்டடம்” என்று சொல்லிவிடலாம். கதவும் நிலையும் தேக்குத் தூணும் பழைய மரச் சாமான் வாங்குபவர்களிடம் போய்ச் சேர்கின்றன. காரைக்குடிப் பக்கத்துக் கதவு என்றால் யாரும் ஊர்ப் பெயரைச் சொல்லி விலை பேசுவார்கள். நம் ஊர்க் கதவு பெயரே இல்லாமல் லாரி ஏறுகிறது.

வீட்டுக்காரர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. ஓட்டு வீட்டைப் பராமரிக்க ஆகும் செலவு எங்களுக்கும் தெரியும், ஓடு மாற்றத் தெரிந்த ஆள் கிடைப்பதே கஷ்டம். அரசுக் கட்டடங்களின் கதை வேறு. 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிச் சுவர் இடிந்து மாணவர்கள் உயிரிழந்த பிறகு, மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களை அகற்ற அரசு உத்தரவிட்டது. அது சரியான முடிவு. பிள்ளைகளின் உயிரைவிட எந்தச் சுவரும் பெரிதில்லை. ஆனால் இடிப்பதற்கு முன் ஒரு நாள் ஒதுக்கிப் படம் எடுப்பதிலும், கல்வெட்டு இருந்தால் பெயர்த்து எடுத்து வைப்பதிலும் யாருக்கு என்ன நஷ்டம்?

இன்னொன்று. இன்று ரயில் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கும் கிருஷ்ணகிரிக்கு 1905-லேயே ரயில் வந்தது. திருப்பத்தூரிலிருந்து வந்த குறுகிய பாதை, பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுவரப் போட்டது. பிற்பாடு அதை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பாதையில் என்னென்ன மிச்சம் இருக்கிறது என்பதையும் இந்தக் கணக்கெடுப்பில் சேர்த்துவிட்டால் நல்லது. இல்லையென்றால் அடுத்த மனைப்பிரிவுக்குள் அதுவும் போய்விடும். ஓசூரில் சேலம் கலெக்டராக இருந்த பிரெட் கட்டிய கெனில்வொர்த் கோட்டை சிதைந்துபோன கதை மாவட்டத்தில் பலருக்கும் தெரியும்.

நாங்கள் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் வேலை அல்ல. நகராட்சியின் சொத்து வரிப் பதிவேட்டில் தெருவும் கதவு எண்ணும் ஏற்கெனவே இருக்கின்றன. அதை வைத்துக்கொண்டு வார்டு வார்டாகப் போகலாம். அளவெடுக்கப் பாலிடெக்னிக்கின் சிவில் மாணவர்கள், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதக் கல்லூரியின் வரலாற்று மாணவர்கள், மேற்பார்வைக்கு அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியர் என்று தாங்கள் ஒரு குழு அமைத்தால் போதும். முகப்பு, முற்றம், நிலைக்கதவு, மேல்தளம் ஆகியவற்றின் படங்கள், சுவர் எதனால் ஆனது என்ற குறிப்பு, கட்டிய வருடம் எங்காவது பொறித்திருந்தால் அது, இவ்வளவுதான். இடிக்க அனுமதி கேட்டு வரும் விண்ணப்பத்தோடு இந்தப் படங்களும் இருக்க வேண்டும் என்று நகராட்சிக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் வேலை தானாக நடக்கும்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பட்டியலில் பெயர் வந்தால் வீட்டைத் தொட முடியாது, விற்க முடியாது என்ற பயம் ஜனங்களிடம் இருக்கிறது. கோட்டைக்கு அருகே மனை வைத்திருப்பவர்கள் பட்ட பாட்டைப் பார்த்து வந்த பயம் அது. எனவே தனியார் வீடுகளைப் பொறுத்தவரை இது பதிவுக்கு மட்டும்தான், தடை எதுவும் இல்லை, உரிமையாளர் சம்மதம் இல்லாமல் உள்ளே படம் எடுக்க மாட்டோம் என்று தங்கள் அறிவிப்பிலேயே இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், கணக்கெடுக்க வருகிறார்கள் என்று தெரிந்த வாரத்திலேயே நாலு வீடு இடிந்துவிடும்.

பழைய பதிவேடுகள் பற்றியும் ஒரு வார்த்தை. 1965 வரை நாம் சேலம் மாவட்டம், 2004 வரை தருமபுரி மாவட்டம். ஆகவே இந்த நகரைப் பற்றிய நில அளவைப் படங்களும் கட்டட ஆவணங்களும் அந்த இரண்டு ஊர்களின் பதிவறைகளிலும் இருக்கக்கூடும். அவற்றைத் தேடிப் பார்க்கவும், நகல் கிடைக்கவும் தங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் போனால்தான் நடக்கும். எங்களைப் போன்றவர்கள் போய்க் கேட்டால் வாசலோடு சரி.

சேகரித்த படங்களை வைக்க மாங்கனிக் கண்காட்சியில் ஓர் அரங்கு ஒதுக்கித் தந்தால், மாம்பழம் பார்க்க வரும் ஜனம் தங்கள் தெருவையும் பார்க்கும். தங்கள் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய படங்களை எடுத்துக்கொண்டு வருவார்கள் என்றும் நம்புகிறோம்.

மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் அளிக்கும் இந்த மனுவின் மீது எடுக்கும் நடவடிக்கையை எங்களுக்குத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பழையபேட்டை குடியிருப்போர்.

நகல்: நகராட்சி ஆணையர், கிருஷ்ணகிரி, காப்பாட்சியர், அரசு அருங்காட்சியகம், கிருஷ்ணகிரி.