சமணர் மலை நடையர்களுக்கான வண்டி நிறுத்துமிடமும் கட்டுச்சோற்றுத் திடலும்: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

வேலை முடிந்துவிட்டது. மதுரைக்குப் பக்கத்தில், சமணர் மலை அடிவார ஊரான கீழக்குயில்குடிக்குச் சற்று முன்னால், சாலையோரமாக 20 சென்ட் இடத்தில் 15 கார், ஒரு வேன், 40 டூவீலர் நிறுத்தலாம். அதை ஒட்டி வேப்பமரத்தடியில் கட்டுச்சோறு அவிழ்த்து உட்கார ஒரு திடலும் தயார். இடத்தைக் கொடுத்தவர் நம் உறுப்பினர் ஒருவர்தான். வாடகை வேண்டாம், மரத்தை மட்டும் வெட்டக்கூடாது என்றார். வெட்டவில்லை.

'திருப்பணி' என்ற பெயர் கோயில் வேலைக்கு உரியது, பார்க்கிங்குக்குப் பொருந்துமா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். ஊர்க்காரர்கள்தான் முதலில் அப்படிச் சொன்னார்கள், அதனால் அதையே வைத்துக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மலையடிவாரத்து அய்யனார் கோயில் ஆலமரத்தடியும் தாமரைக் குளத்துக் கரையும் எப்படி இருந்தன என்பது எல்லோருக்கும் தெரியும். மரத்தடி முழுக்கக் கார், அதில் நம்முடையதும் உண்டு. பொங்கல் வைக்க வந்த ஒரு குடும்பம் அடுப்புக்கல் போட இடம் தேடி, பானையைத் தலையில் வைத்தபடி இரண்டு முறை சுற்றி வந்தார்கள். அன்றுதான் நமக்கு உறைத்தது. சக்கரம் ஏறி ஏறி வேரடி மண் கல்லாக இறுகிக் கிடந்தது.

மலைக்குப் பக்கத்திலேயே இடம் பார்த்திருக்கலாமே என்று பலர் கேட்டீர்கள். மலையிலுள்ள சமணச் சின்னங்கள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. பழங்காலச் சின்னங்களைப் பாதுகாக்கும் 1958 சட்டத்துக்கு 2010இல் வந்த திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக்கூடாது. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். சட்டம் இல்லாவிட்டாலும் குழு தள்ளித்தான் வைத்திருக்கும். மலைமேல் பேச்சிப்பள்ளம் என்ற இடத்துப் பாறையில் மகாவீரர், பாகுபலி முதலிய சமணப் பெரியோரின் சிற்பங்கள் வரிசையாக இருக்க, கீழே ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய வட்டெழுத்து, அதாவது பழைய தமிழ் எழுத்து. அவற்றைப் பார்க்கப் போகிறவர் பத்து நிமிடம் நடந்துதான் போகட்டுமே. சமணச் சிற்பங்கள் உள்ள செட்டிப்பொடவு குகைப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் நடை, அவ்வளவுதான்.

நடுவில் ஒரு பெரிய தவறு செய்யப் பார்த்தோம், அதையும் சொல்லிவிட வேண்டும். முதலில் போட்ட வரைபடத்தில், வண்டி உள்ளே நுழையும் வழி ஒரு சின்னப் பள்ளத்தைத் தூர்த்துக்கொண்டு போனது. ஜேசிபி வந்த அன்று ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கம்பை ஊன்றி நின்று, "தம்பி, இது பள்ளம் இல்ல, கண்மாய்க்குப் போற வரத்துக்கால். ஐப்பசி மழைக்கு இதுலதான் தண்ணி வரும்" என்றார். கோடையில் பார்த்தபோது நமக்கு அது காய்ந்த புல்லும் கருவேல முள்ளுமாகத்தான் தெரிந்தது. வேலையை நிறுத்தி, வழியைப் பத்தடி தள்ளி வைத்து, கால்வாய் குறுக்கிடும் இடத்தில் இரண்டு சிமென்ட் குழாய் பதித்தோம். ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த மறுநாள் போய்ப் பார்த்தோம். குழாய் வழியே செம்மண் தண்ணீர் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெரியவர் இல்லாவிட்டால் யாரோ ஒருவர் வயல் காய்ந்திருக்கும்.

தரைக்கு சிமென்ட் போடவில்லை. 12 லோடு கிராவல் அடித்து ரோலர் விட்டிருக்கிறோம். தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும், வெயிலிலும் தரை கொதிக்காது.

திடலில் நான்கு கல் இருக்கைகள். இடித்த பழைய வீடு ஒன்றின் கல்தூண்களை வாங்கிப் போட்டவை. உயரத்தை முடிவு செய்தவர் மூட்டுவலியோடு வரும் நம் மூத்த உறுப்பினர் அம்மா ஒருவர். கொத்தனார் செங்கலை ஒவ்வொன்றாக அடுக்க, அவர் ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து எழுந்து பார்த்தார். "இது சரி" என்று சொன்ன இடத்தில் டேப் வைத்தால் 18 அங்குலம். நான்குக்கும் அதே அளவு. மலை ஏற முடியாதவர்கள் அங்கிருந்தே மலையைப் பார்த்துக்கொண்டு புளியோதரை சாப்பிடலாம்.

குப்பைத்தொட்டி வைக்கவில்லை. வைத்தால் நாய் இழுத்துப் போட்டுவிடும், காற்று குளத்துக்குக் கொண்டு போய்விடும். கொண்டு வந்ததை மஞ்சப்பையில் போட்டு வீட்டுக்கே எடுத்துப் போக வேண்டும். திடலில் அடுப்பும் மூட்டக்கூடாது.

கழிப்பறை இன்னும் இல்லை. பெண் உறுப்பினர்கள் இதை முதல் கூட்டத்திலேயே கேட்டார்கள், நியாயமான கேள்வி. தண்ணீர் வசதி இல்லாமல் கட்டினால் ஒரே மாதத்தில் உள்ளே போக முடியாத இடமாகிவிடும் என்பதால் தள்ளிவைத்தோம். அடுத்த வேலை இதுதான்.

வரவு 1,86,500 ரூபாய், செலவு 1,79,200, கையிருப்பு 7,300. பில்களும் பேரேடும் பொருளாளரிடம் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.

ஒரு சந்தோஷமான செய்தியும் உண்டு. போன வாரம் விடியற்காலையில் குளக்கரையில் ஒரு வண்டிகூட இல்லை. தாமரை இலைகளுக்கு நடுவில் முக்குளிப்பான் என்ற நீர்ப்பறவை ஒன்று முதுகில் குஞ்சோடு நீந்திப் போனது. அரைமணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றோம்.

அப்புறம், நட்ட 24 புங்கை, பூவரசுக் கன்றுகளில் 5 பட்டுவிட்டன. மீதிக்கு முள்வேலி கட்டியிருக்கிறோம். பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் வாரம் இரண்டு முறை தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். குடம் திடலிலேயே இருக்கிறது. செவ்வாய், சனி இரண்டில் எந்த நாள் உங்களுக்குத் தோது என்று செயலாளரிடம் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு