பாட்டாவின் பைப்

மக்களே,

வரும் மாசம் ஷார்ஜாவுக்குத் திரும்புகிற உன் சித்தி மகன் கையில் பாட்டா புகையிலை பிடித்த பைப் ஒன்றைக் கொடுத்துவிடுகிறேன். இருந்த இரண்டில் ஒன்றை நான் சரிசெய்து இங்கே வைத்துக்கொண்டேன். உனக்கு வருவது பெட்டியில் கிடந்தபடியே இருக்கிறது. இதை நானே சரிசெய்யட்டுமா அம்மா என்று நீ கேட்டது எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

கட்டை நம்மூர் மரம் எதுவும் கிடையாது. மத்தியதரைக் கடல் பக்கத்து மலைகளில் வளரும் எரிக்கா ஆர்போரியா என்ற புதர்மரத்தின் வேரடியில் முண்டாகத் திரளுவது, பிரையர் என்பார்கள். அந்த முண்டை மணிக்கணக்கில் வேகவைத்து, மாசக்கணக்கில் உலர்த்திய பிறகே கடைவார்கள். தீ பட்டாலும் சட்டென்று கருகாது. எஸ்டேட் துரை ஊருக்குப் போகும்போது, கணக்கப்பிள்ளையாக இருந்த பாட்டாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது.

எனக்கு அதைவிடப் பிரியம் வாயில் வைக்கும் கறுப்புத் தண்டின் மேல்தான். அது எபோனைட், அசல் ரப்பர். டயர் ரப்பரில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு கந்தகம் என்றால், இதில் முப்பது பங்கு வரை சேர்த்துச் சூடாக்கி இறுகவைத்திருப்பார்கள். குலசேகரத்தில் விடியுமுன் வெட்டி, சிரட்டையில் வடியவிட்டு எடுக்கிறோமே, அதே ரப்பர் பாலில் பிறந்த பொருள். வகுப்பில் வல்கனைசேஷன், அதாவது ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி இறுக்குவது, நடத்தும்போதெல்லாம் பிள்ளைகளுக்கு இதைக் காட்டியிருக்கிறேன். மரத்தைத் தினமும் பார்க்கிற பிள்ளைகள், இதுவும் ரப்பரா டீச்சர் என்று வாய் பிளப்பார்கள்.

இப்போது அந்தத் தண்டு பச்சையும் பழுப்புமாக நிறம் மாறியிருக்கிறது. வெளிச்சமும் காற்றும் பட்டுப் பட்டு மேல்பரப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து, கந்தகம் வெளியே வந்த கறை. தேய்க்கும்போது கந்தக வாடை அடிக்கும், பயப்படாதே. நானூறாம் நம்பர் வாட்டர் பேப்பரில் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) தொடங்கி இரண்டாயிரம் வரை, தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேய். கட்டையும் தண்டும் சேரும் இடத்தைத் தேய்க்கும்போது இரண்டையும் மாட்டியே வை. கழற்றித் தேய்த்தால் விளிம்பு மழுங்கி, மாட்டும்போது பொருந்தாமல் தெரியும்.

கழற்றுவதற்கு முறுக்கித்தான் இழுக்க வேண்டும். வரமாட்டேன் என்றால் அன்றைக்கு விட்டுவிடு. பலம் போட்டால் உள்ளே நுழையும் காம்பு முறியும்.

புகையிலை போடும் கிண்ணத்துக்குள் கரி கட்டியாகப் படிந்திருக்கிறது. அது தடித்தால் சூட்டில் விரிந்து கட்டையைப் பிளந்துவிடும். மழுங்கிய கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி, ஒரு ரூபாய்க் காசின் கனத்துக்கு விட்டுவை. பிறகு கிண்ணத்தில் பஞ்சை அடைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சொட்டு சொட்டாக விட்டு ஒரு ராத்திரி வை. காலையில் பஞ்சு தேயிலைச் சாயமாக இருக்கும். சிலர் உப்புப் போடுவார்கள். எனக்குப் பஞ்சில்தான் நம்பிக்கை. வண்ணக்கடை ஸ்பிரிட் வேண்டாம், மெத்தனால் கலந்திருக்கும். புகை வரும் துளைக்குள் மெல்லிய கம்பியில் பஞ்சு சுற்றி விட்டு, வெள்ளையாக வரும்வரை துடை.

கட்டையில் பள்ளம் இருந்தால் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை லேசாக வை. நசுங்கிய மரநார் ஆவியில் எழும்பிவிடும். ஆனால் பக்கவாட்டில் பொறித்த எழுத்துகள் மேல் வாட்டர் பேப்பர் படவே கூடாது. தண்டின் நுனியில் இருக்கிற பல் தடத்தையும் விட்டுவிடு. எபோனைட்டைச் சூடாக்கினால் தடம் மேலெழும்பி மறையும் என்று உனக்குத் தெரிந்துவிடும், அதனால் முன்னமே சொல்கிறேன். கணக்கு நோட்டு முன்னால் குனிந்து பாட்டா கடித்தது அது.

மெழுகுக்கு எல்லோரும் கார்னாபா என்பார்கள். பிரேசில் பனை இலையில் எடுப்பது, சூட்டைத் தாங்கும். பற்றவைக்காத பைப்புக்கு மார்த்தாண்டத்துத் தேன்மெழுகே போதும், ஒரு டப்பா கூட வருகிறது. ஆமாம், பற்றவைக்காதே. பாட்டா கடைசி வருஷங்களில் இருமி இருமி உட்கார்ந்தே தூங்கினதை நான் பார்த்தவள். அவர் பொருளை நீ நேசிக்க வேண்டும். அவர் பழக்கம் உனக்கு வேண்டாம் மக்களே.

தொடங்குமுன் நாலு பக்கமும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. தண்டு முறுக்கினால் திரும்புகிறதா என்று பார்த்துவிட்டு போன் பண்ணு, அப்புறம் மேலே சொல்கிறேன்.

அம்மா