வீடு நெல்லையில், முகவரி ருமேனியாவில்: இணையச் சேவை நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழகத்தின் சிறு, நடுத்தர இணையச் சேவை நிறுவனத்தாருக்கும் அவர்தம் நெட்வொர்க் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

திருநெல்வேலியில் உள்ள எங்கள் பிராட்பேண்ட் இணைப்பை, ருமேனியாவில் இருப்பதாகவே பல இணையதளங்கள் கருதுகின்றன. இந்தியாவுக்கு மட்டுமான கிரிக்கெட் நேரலை திறக்க மறுக்கிறது. வங்கித் தளமோ ஒவ்வொரு முறையும் எங்களைச் சந்தேகிக்கிறது. புகார் அளித்தால், ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் உங்களிடமுள்ள அதே முகவரித் தொகுதியிலிருந்து வேறோர் ஐபி முகவரி (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) கிடைக்கலாமே தவிர, அத்தொகுதியைப் பற்றிய தவறான பதிவு மாறாது.

காரணம் நீங்கள் அறியாததன்று. ஐபி முகவரிகளைப் பகிர்ந்தளிக்கும் ஆசிய பசிபிக் பதிவகமான ஏப்னிக்கிடம் ஐபிவி4 என்னும் பழைய வகை முகவரிகளின் இருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டதால், முகவரிகளைப் பிறரிடமிருந்து விலைக்கோ வாடகைக்கோ பெறுவது வழக்கமாகிவிட்டது. முகவரி கைமாறிய பின்னும் எந்த முகவரி எந்த நாட்டில், ஊரில் உள்ளது என்று பதிந்து வைக்கும் மேக்ஸ்மைண்ட், ஐபிஇன்ஃபோ போன்ற தரவுத்தளங்களில் பழைய நாடே நீடிக்கக்கூடும். அங்கே திருத்தினாலும், பழைய பிரதியை வைத்திருக்கும் தளங்கள் அதைப் புதுப்பிக்கும் வரை தொல்லை தொடரும்.

ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து தரும் சிஜிநாட் முறை வழியாகப் பல வீடுகள் சென்னையிலுள்ள ஒரு முகவரியில் இணையத்துக்கு வெளியேறும்போது நெல்லைக்காரர் சென்னைக்காரராகத் தெரிவதற்காக நான் மல்லுக்கு நிற்கவில்லை. நாடே மாறிப்போவதைத்தான் பொறுக்க இயலவில்லை.

இதற்கான வழி 2020-இல் வெளியான ஆர்எஃப்சி 8805 என்னும் இணையத் தொழில்நுட்ப ஆவணத்திலேயே இருக்கிறது. முகவரித் தொகுதி, நாட்டுக் குறியீடு, மாநிலக் குறியீடு, ஊர் ஆகியவற்றை வரிக்கு ஒன்றாக எழுதிய ஜியோஃபீடு என்னும் எளிய சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பை) உங்கள் தளத்தில் வைத்து, அது இருக்குமிடத்தைப் பதிவகத்தில் உள்ள உங்கள் தொகுதியின் பதிவில் குறிப்பிட வேண்டும். அம்முறையை 2024-இன் ஆர்எஃப்சி 9632 விளக்குகிறது. ஐபிவி6 என்னும் புதிய வகை முகவரித் தொகுதிகளையும் அக்கோப்பில் சேர்த்துவிடுங்கள். கோப்பு வைத்த கையோடு, தரவுத்தள நிறுவனங்களுக்கும் திருத்த விண்ணப்பம் அனுப்புங்கள். சந்தாதாரர் தம் ஒற்றை முகவரிக்காக விண்ணப்பிக்கலாம்; முழுத் தொகுதிக்காகவும் உரிமையோடு பேச உங்களால்தான் முடியும்.

அதுவரை, புகார் ஏற்கும் ஊழியர்கள் இருப்பிடத்தை வேறாகக் காட்டக்கூடிய விபிஎன் இயங்குகிறதா என்று கேட்டறிந்து, சந்தாதாரரின் பொது முகவரியை இரண்டு மூன்று தரவுத்தளங்களில் ஒப்பிட்டு, முடிவைப் பொறியாளருக்கு அனுப்பினாலே போதும். புதிதாக வாங்கும் தொகுதிகளுக்கு இச்சோதனையை, சந்தாதாரருக்கு ஒதுக்கும் முன்பே செய்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பிராட்பேண்ட் சந்தாதாரர் ஒருவர்,
திருநெல்வேலி