சமையற்கட்டுக் கூரைக்கு மட்டும் வேறு தகடு கேளுங்கள்

பினாங்கு ஆலய நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மண்டபக் கூரையில் சோலார் போடலாமா என்று பேசிக்கொண்டிருக்கும் ஆலயங்களுக்கு இதை எழுதுகிறேன். நல்ல காரியம், தள்ளிப் போடாதீர்கள். ஆனால் கையெழுத்துப் போடும் முன் ஒரு வேண்டுகோள். சமையற்கட்டுக்கு மேலே வரும் பகுதிக்கு மட்டும், மின்சாரத்தோடு சுடுநீரும் தரும் கலப்புத் தகடுகளுக்கு விலை கேளுங்கள். பிவிடி என்று சொன்னால் தொழிலில் இருப்பவர்களுக்குப் புரியும்.

அன்னதானம் முடிந்ததும் பின்கட்டுக்கு வந்து பாருங்கள். பாயச அண்டாவின் அடியில் நெய்ப் பிசுக்கு அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். பச்சைத் தண்ணீரில் அது லேசில் போகாது. சவர்க்காரத்தைக் கொட்டிக் கொட்டித் தேய்த்துப் பார்த்துவிட்டு, கடைசியில் பாத்திரம் கழுவுவதற்காகவே ஒரு பானைத் தண்ணீரை அடுப்பில் ஏற்றுகிறோம். தலைக்கு மேலே கூரை கொதிக்கிறது, கீழே நாம் காசு கொடுத்து வாங்கிய கேஸை எரிக்கிறோம். எனக்கு இது ஆறவே இல்லை.

உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் தகட்டின் மேல் ஏறக்குறைய 1000 வாட் வெயில் விழும். நல்ல சிலிக்கான் தகடு அதில் சுமார் 200 வாட்டை மின்சாரமாக்கும். மீதியில் பெரும்பகுதி தகட்டைத்தான் சுட வைக்கிறது. விற்கும்போது சொல்லும் திறன் 25 டிகிரியில் அளந்தது. நம் ஊர்க் கூரையில் தகடு 60, 65 டிகிரிக்குப் போய்விடும். ஒரு டிகிரி ஏறினால் மின்சாரம் சுமார் 0.35 விழுக்காடு குறையும் என்று வைத்தால், 65 டிகிரியில் 14 விழுக்காடு காணாமல் போகிறது. கலப்புத் தகட்டின் முதுகில் ஓடும் குழாய்த் தண்ணீர் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்வதால், இழந்ததில் ஒரு பகுதியாவது திரும்பக் கிடைக்கும்.

ஆனால் தண்ணீர் ரொம்பச் சூடாக வேண்டும் என்று ஆசைப்பட்டால் தகடு குளிராது. 40, 45 டிகிரியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பிசுக்குப் போக அது போதும். உலைக்கும் உதவும்: 28 டிகிரித் தண்ணீரைக் கொதிக்க வைக்க 72 டிகிரி ஏற்ற வேண்டும், அதில் 17 டிகிரியை வெயிலே ஏற்றித் தந்துவிட்டால் கிட்டத்தட்ட கால்வாசி கேஸ் மிச்சம். ஒன்று மட்டும் கவனம். தகட்டில் சுற்றும் தண்ணீர் வேறு, சமையலுக்கு எடுக்கும் தண்ணீர் வேறாக இருக்க வேண்டும். இடையில், இரண்டும் கலக்காமல் சூட்டை மட்டும் கடத்தும் வெப்பமாற்றி வைக்கச் சொல்லுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் தொட்டியில் நாள்கணக்கில் நின்றால் கிருமி வளரும், அன்றன்றே செலவழித்துவிட வேண்டும்.

விலை சாதாரணத் தகட்டைவிடக் கூடுதல்தான். எடையும் கூடும், பம்ப் வேறு வேண்டும். அதனால் அன்றாடம் சமைக்காத ஆலயங்களுக்கு இதை நான் சொல்லமாட்டேன். பாங்கியில் உள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் சூரிய ஆற்றல் ஆய்வுக் கழகத்தில் இந்தத் தகடுகளைப் பற்றிப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். ஒரு கடிதம் போட்டு ஆலோசனை கேட்கலாமே.

முதலில் சமையற்கட்டுக் குழாயில் ஒரு மீட்டர் மாட்டி, வெள்ளிக்கிழமையும் சேர்த்து ஒரு வாரம் அளந்து பாருங்கள். அந்தக் கணக்கைக் காட்டி, கலப்புத் தகடு சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு விலைப்பட்டியல் வாங்குங்கள். அதைப் பேசும் கூட்டத்துக்கு, அண்டா கழுவும் பெண்களையும் அழையுங்கள்.

இப்படிக்கு,
ஆலயச் சமையற்கட்டுத் தொண்டர் ஒருவர்,
பட்டர்வொர்த்