அங்க மழையாப்பா?

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் "அங்க மழையாப்பா?" என்று கேட்டாய். நான் "நேத்து 64 மில்லிமீட்டர்" என்றேன். நீ சிரித்துவிட்டு, "உங்ககிட்ட மழையக் கேட்டா கணக்குச் சொல்லுதீங்களே" என்றாய். பின்னால் பேரன் சிரிப்பதும் கேட்டது. கோபமெல்லாம் இல்லை. ஆனால் போனை வைத்த பிறகு யோசித்தேன், நீ கேட்டதற்கு நான் பதிலே சொல்லவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

என்ன செய்ய, இருபத்தாறு வருஷத்துப் பழக்கம். காலை எட்டரை மணிக்கு மழைமானியைத் திறந்து, குடுவையில் இருக்கும் தண்ணீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றி, கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்து நோட்டில் எழுதவேண்டும். நாடு முழுக்க அதே எட்டரைதான். தீபாவளியன்றும் எட்டரை, உன் காதுகுத்து அன்றும் எட்டரை. உன் அம்மா அதை இன்னும் மறக்கவில்லை. 2.5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அது 'மழை நாள்' கணக்கில் சேராது. கொடியில் கிடந்த துணி நனைந்திருக்கும், முற்றம் வழுக்கும், நீ ஜலதோஷம் பிடித்துத் தும்முவாய். ஆனாலும் நோட்டுப்படி அன்று மழை நாள் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு பரணை ஒதுக்கும்போது உன் கல்லூரித் தமிழ்ப் புத்தகம் ஒன்று கிடைத்தது. நக்கீரர் பாடிய நெடுநல்வாடை என்ற சங்கப் பாட்டில் பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் 'கண்டிப்பா வரும்' என்று எழுதியிருந்தாய். பரீட்சையில் வந்ததா என்று தெரியவில்லை. எனக்கு வந்தது, 2023 டிசம்பரில்.

அந்த மழையை நீ அங்கே டிவியில்தான் பார்த்தாய். 18ஆம் தேதி காலை எட்டரை வரையான இருபத்து நான்கு மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 946 மில்லிமீட்டர். இந்த எண்ணைக் கேட்டதும் முதலில் தசமப்புள்ளி விட்டுப்போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். ஒரு மில்லிமீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். நூறு சதுர மீட்டர் மொட்டை மாடி ஒன்று அங்கே இருந்தால், அதன் மேல் மட்டும் கிட்டத்தட்ட எட்டு தண்ணி லாரி. பார், திரும்பக் கணக்குக்குப் போய்விட்டேன்.

இங்கே தாமிரபரணி கரை தாண்டி வந்ததும், எதிர்வீட்டு மாட்டையும் கன்றையும் நம் திண்ணையில் ஏற்றிக் கட்டினோம். கரண்ட் இல்லை. ஊதல் காற்று. ராத்திரி டார்ச் அடித்துப் பார்க்கிறேன். கன்று மடியை முட்டிக்கொண்டு போகிறது, மாடு காலைத் தூக்கி ஒரு உதை விடுகிறது. மறுபடி போகிறது, மறுபடி உதை. வெள்ளைச்சி சாதுவான மாடு, கன்றை அது தள்ளி நான் பார்த்ததே இல்லை. அதற்குக் குளிர். முதுகுத்தோல் விட்டு விட்டு நடுங்குகிறது.

தண்ணீர் வடிந்து பத்து நாள் கழித்து உன் புத்தகத்தைப் பிரித்தேன். எட்டு வரி தாண்டியதுமே இது வந்தது:

மாமேயல் மறப்ப மந்தி கூரப்
பறவை படிவன வீழக் கறவை
கன்றுகோள் ஒழியக் கடிய வீசி

விலங்குகள் மேய்ச்சலை மறந்துவிட்டன, மந்தி குறுகி உட்கார்ந்திருக்கிறது, உட்கார்ந்த பறவை விழுகிறது, கறவை மாடு கன்றைச் சேரவிடாமல் உதைக்கிறது. நக்கீரர் எந்தத் திண்ணையில் நின்று பார்த்தாரோ! 'பயங்கர மழை', 'கொட்டோ கொட்டு' என்று ஒரு வார்த்தை இல்லை. குளிர் எவ்வளவு என்று தெரிய வேண்டுமா, மாட்டின் காலைப் பார் என்கிறார்.

பாட்டு மொத்தம் 188 அடி. தலைவன் பாசறையில் இருக்கிறான், அரசி அரண்மனையில் தூக்கமில்லாமல் கிடக்கிறாள். உங்கள் பரீட்சைக்கு அதுதான் முக்கியமாக இருந்திருக்கும். எனக்கு அரசியைவிட முன்னால் வருகிற ஊர்தான் பிடித்தது. குறுகிய வாய்க் கன்னல் என்ற தண்ணீர்க் குடத்தில் இருக்கும் தண்ணீரை யாரும் தொடவில்லை, எல்லோரும் கணப்புச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். சந்தனக் கல் வேலையில்லாமல் கிடக்கிறது. பகலா ராத்திரியா என்று தெரியாத இருட்டு. பெண்கள் பித்திக மொட்டுகளைப் பறித்து வைத்திருக்கிறார்கள். மொட்டு விரிந்து வாசம் வந்ததும், சரி, சாயங்காலம் ஆகிவிட்டது என்று விளக்கேற்றுகிறார்கள்.

பித்திகம் என்பது நம் பிச்சிதான். இதை உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "இதுக்கு ஒரு புலவர் வேணுமாக்கும்? எங்க ஆச்சி அப்படித்தான் விளக்கேத்துவா" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். முப்பத்தெட்டு வருஷத்தில் அந்த ஆச்சியைப் பற்றி இந்த விஷயத்தை எனக்குச் சொன்னதே இல்லை.

முக்கூடற்பள்ளு என்ற பழைய பாட்டு நூல் நம் பக்கத்துச் சரக்கு. சிற்றாறு தாமிரபரணியில் கலக்கும் சீவலப்பேரிப் பக்கத்து ஊர்தான் அதில் வரும் முக்கூடல். பாடியவர் யார் என்று பெயர் தெரியாது. 'மலையாள மின்னல் ஈழ மின்னல் சூழ மின்னுதே' என்று ஒரு வரி வரும். சின்ன வயதில் உனக்குப் பாடிக் காட்டியிருக்கிறேன், தூங்கிவிடுவாய். மேற்கே மலைக்கு அந்தப்புறம் ஒன்று, கிழக்கே கடலுக்கு அந்தப்புறம் ஒன்று, இரண்டு பக்கமும் மின்னினால் நாளைக்கு ஆற்றில் வெள்ளம் என்று குறி சொல்கிறான் பள்ளன். தென்மேற்கிலும் தண்ணீர் வாங்கி வடகிழக்கிலும் தண்ணீர் வாங்குகிற ஆற்றின் கரையில் நின்றால்தான் இந்த வரி வரும். அதே பாட்டில் நண்டு சேற்றில் வளையை அடைக்கிறது. அதையும் நான் பார்த்திருக்கிறேன். வரப்பில் குந்தியிருந்து பார்க்கவேண்டும். கொடுக்கால் சேற்றை அணைத்து உருட்டி, வாசலில் வைத்து, உள்ளேயிருந்து இழுத்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் அங்கே வளை இருந்ததே தெரியாது. என் மேலதிகாரி ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "நண்டு ரிப்போர்ட் எல்லாம் அனுப்ப முடியாதுங்க" என்றார். அவர் சொன்னதும் சரிதான்.

குறுந்தொகையில் ஒரு தோழி. மழைக்காலத்தில் வருகிறேன் என்று சொல்லிப்போனவன் வரவில்லை. மழை பெய்து கொன்றை பூத்துவிட்டது. தோழி என்ன சொல்கிறாள் தெரியுமா? கொன்றைக்குப் புத்தியில்லை, இது வம்ப மாரி, காலம் தப்பிய மழை, இதைப் போய்க் கார்காலம் என்று நினைத்துப் பூத்துவிட்டது என்கிறாள். அம்மா இதைக் கேட்டுவிட்டு, "அவ பொய்தானே சொல்லுதா" என்றாள். ஆமாம் என்றேன். "நல்ல பிள்ளை" என்றாள். பிறகு காலண்டரில் ஐப்பசித் தாளைக் கிழிக்காமல் விட்டிருப்பதைப் பார்த்தேன். ஐப்பசி மழைக்குள் வருவதாக நீ சொல்லியிருந்தாய். லீவு கிடைக்காதது எங்களுக்குத் தெரியும், அதைப் பற்றி நீ வருத்தப்படாதே.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். இங்கே மழைதான். இப்போது பிற்பகல் மூன்று, விளக்கைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஜன்னலுக்கு வெளியே சன்ஷேடில் ஒரு புறா காலையிலிருந்து இருக்கிறது. இரை தேடப் போகவில்லை. சிவந்த கால் ஒன்றை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு நிற்கும், கொஞ்ச நேரம் கழித்து அதை ஊன்றி மற்றதைத் தூக்கும். இதுவும் நெடுநல்வாடையில் இருக்கிறது, அங்கேயும் செங்கால் சேவல், அதாவது ஆண் புறாதான், அங்கேயும் கால் மாற்றித்தான் நிற்கிறது. உன் பென்சில் கோட்டுக்கு நாலு வரி கீழே.

மொட்டை மாடியில் பாட்டிலை அறுத்து வைத்த மானியை இன்று இன்னும் பார்க்கவில்லை. எட்டரைக்குப் புறாவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

லீட்ஸில் தினமும் நசநச என்று தூறுகிறது என்றாய். அங்கே புறா எங்கே ஒதுங்குகிறது என்று பேரனைப் பார்த்துச் சொல்லச் சொல். கால் மாற்றுகிறதா என்றும் கேள்.

அன்புடன்,
அப்பா